குடியை விட்டாச்சு... தொப்பை வந்தாச்சு!

"ஏழு மாசம் ஆச்சு டாக்டர். ஒரு சொட்டு தொடலை. புள்ளைங்க மேல சத்தியம். ஆனா பழைய பேன்ட் ஒண்ணும் இடுப்புல ஏற மாட்டேங்குது. குடிக்கும்போது 56 கிலோ, இப்ப 71. பார்க்கறவனெல்லாம் 'என்னப்பா, மொகம் ஊதிக் கெடக்கு, மறுபடி ஆரம்பிச்சிட்டியா'ன்னு கேக்கறான். இதுக்குக் குடிச்சிக்கிட்டே இருந்திருக்கலாம் போலிருக்கு..."

அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தரம் படியுங்கள். எடை கூடியதல்ல இங்கே ஆபத்து. எடை கூடியதைச் சாக்காக வைத்து மனசு எங்கே போய் நிற்கிறது பாருங்கள், அதுதான் ஆபத்து.

இப்படிப் பேசுகிற ஒருவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் வசதிக்காக அவரைச் சேத்தியாத்தோப்புக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பது, உயரம் 165 சென்டிமீட்டர். எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு ஏற்றுகிற வேலை. பன்னிரண்டு வருஷக் குடி. சிகிச்சைக்குப் போய் நிறுத்திவிட்டார். குறுக்கு ரோட்டு டீக்கடைதான் இப்போது அவருக்கு எல்லாம். அவரை வைத்தே பாடத்தை நடத்துவோம்.

குடிக்கும்போது ஏன் ஒல்லி?

முதலில் ஒரு கணக்கு. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர்ப் பாட்டிலில் ஆல்கஹால் 42.8 சதவிகிதம். எடையில் பார்த்தால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். கிராமுக்கு 7 கலோரி என்றால், ஒரு குவார்ட்டரில் 420 கலோரிக்கு மேல் இருக்கிறது. இரண்டு குவார்ட்டர் அடித்தால் 850. ஒரு வேளை சாப்பாட்டை விட அதிகம்! அப்படியானால் குடிக்கிறவர் குண்டாக அல்லவா இருக்க வேண்டும்?

சிலர் இருக்கிறார்கள். அளவாகக் குடித்து, சைடு டிஷ்ஷை வளைத்துக் கட்டுகிற ஆசாமிகளுக்குத் தொப்பை நிச்சயம். ஆனால் நம்மவர் மாதிரி முழுநேரக் குடிக்கு வந்தவர் சாப்பாட்டையே மறந்துவிடுகிறார். காலையில் குமட்டல், மதியம் இரண்டு வாய், ராத்திரி ஒன்றுமில்லை. சாப்பிட்ட கொஞ்சமும் உடம்பில் ஒட்டாது. குடலின் உள்சுவர் கெட்டுப்போய், சத்தை உறிஞ்சும் வேலை பாதியில் நிற்கிறது. ஆல்கஹாலை உடம்பு சேமித்து வைக்கவும் முடியாது. அது விஷம்; முதலில் அதை எரித்துத் தள்ளிவிட்டுத்தான் கல்லீரல் மறு வேலை பார்க்கும். நிறையக் குடித்துக் குடித்துப் பழகியவரின் கல்லீரல் இதற்கென்று இன்னொரு வழியைத் திறக்கிறது. அந்த வழியில் கலோரியின் ஒரு பகுதி சும்மா சூடாகவே வீணாகிறது. குடிநோயாளி ஓய்வாகப் படுத்திருந்தாலும் உடம்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக எரிகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். குடியை நிறுத்தியதும் அந்த வெட்டி எரிச்சல் அடங்கிவிடுகிறது.

அடுப்பு அடங்கிவிட்டது, குடல் ஆறிவிட்டது, பசி திரும்பிவிட்டது. மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்? ஆக, முதலில் ஏறுகிற கிலோக்கள் வியாதியல்ல. உடம்பு குணமாகிறது என்பதற்கு அடையாளம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய 56 கிலோவை ஏக்கத்தோடு நினைக்கிறாரே, அது ஆரோக்கியமான 56 அல்ல. நீண்ட நாள் குடியில் தொடை, தோள், இடுப்புத் தசைகள் கரைந்துவிடுகின்றன. அது நோயின் எடை. அவர் உயரத்துக்கு இந்தியர்களுக்கான அளவுகோலில் 62 கிலோ வரை தாராளமாக இருக்கலாம். அப்படியென்றால் குறைக்க வேண்டியது எட்டு, ஒன்பது கிலோ. பதினைந்து அல்ல. இந்த ஒரு கணக்கைச் சொன்னாலே பலருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும்.

பட்டினி கிடந்த உடம்பு

1944-45ல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனை நடத்தினார். யுத்தத்தில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படிச் சோறு போட்டுத் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள, 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தார்கள். 24 வாரத்தில் எடையில் கால் பங்கு போய்விட்டது. அதற்கேற்ப உடம்பு செலவைச் சுருக்கிக்கொண்டது. ஓய்வில் எரிக்கிற சக்தி ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்தது. பிறகு சாப்பாடு கிடைத்தபோது? வயிறு நிறைந்த பின்னும் பசி தீரவில்லை. பழைய எடையைத் தாண்டியும் கொழுப்பு ஏறியது. தசை அவ்வளவு வேகமாகத் திரும்பவில்லை.

குடியோ, பவுடரோ, வலி மாத்திரையோ... வருஷக்கணக்கில் சாப்பாட்டை ஒதுக்கிய உடம்பும் இதே பாடத்தைத்தான் ஒப்பிக்கிறது. முதலில் கொழுப்பு, பிறகுதான் தசை. வளர்சிதை மாற்றம் என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதில் பெரும்பங்கு நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நடக்கிற எரிப்பு. அதில் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. தசை குறைந்தால் அடுப்பு சின்னது. சின்ன அடுப்பில் பழைய அளவு விறகைத் திணித்தால் மிச்சம் தொப்பையில்தான் அடுக்கப்படும்.

இனிப்பு ஏன் இழுக்கிறது?

"கல்யாணமான நாள்லேர்ந்து இவரு ஸ்வீட்டே தொட்டதில்லீங்க. இப்ப ராத்திரி பத்து மணிக்கு எழுந்து வெல்லக்கட்டிய கடிக்கிறாரு!" என்பார் மனைவி. கரும்பு விளைகிற ஊரில் வெல்லத்துக்கா பஞ்சம்!

மூளையில் 'சுகம்' என்று மணி அடிக்கிற ஒரு பகுதி இருக்கிறது. போதை அதை உலுக்கி உலுக்கி அடித்தது. போதை நின்றதும் மணி ஓய்ந்துவிட்டது. சின்ன சந்தோஷங்கள் எதுவும் மனசில் ஏறவில்லை. சர்க்கரை அந்த மணியை லேசாகத் தட்டுகிறது. அதனால்தான் கை தானாக டப்பாவுக்குப் போகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்தார் 1939லேயே தங்கள் புத்தகத்தில் சாக்லெட் சாப்பிடச் சொல்லும் டாக்டரின் யோசனையைக் குறித்து வைத்திருக்கிறார்கள். குடிக்கணும் போல் வெறி வரும் நேரத்தில் ஒரு கடலை மிட்டாய் அதைத் தள்ளிப்போடுமானால், தாராளமாகச் சாப்பிடுங்கள். முதல் மாதங்களில் நான் அதைத் தடுக்க மாட்டேன். (சர்க்கரை நோய் ஏற்கெனவே இருப்பவர் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.)

கடலை மிட்டாயை விடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏறுகிற சர்க்கரைதான் மோசம். டீ! நம்மவர் ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிறார். கிளாசுக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம். மொத்தம் 80 கிராம் சர்க்கரை, 320 கலோரி, பால் தனி. இதை நாலு டீ, ஒரு ஸ்பூன் என்று மாற்றினால் 240 கலோரி மிச்சம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஏட்டுக் கணக்குப்படி மாதத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியாகக் குறைய வேண்டும். உடம்பு ஏட்டுக் கணக்கை அப்படியே கேட்காதுதான். பாதி கிடைத்தாலும் லாபமே. டீயோடு சிகரெட்டையும் சேர்த்து விட்டிருந்தால் இன்னொரு நாலைந்து கிலோ ஏறுவது சகஜம். அதற்காக சிகரெட்டைத் திரும்பப் பிடிக்க வேண்டாம்.

சாயங்காலம் ஆறு மணி

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம்.

தொப்பையைப் பார்த்துப் பயந்தவர் என்ன செய்கிறார்? "நாளையிலேர்ந்து ராத்திரி சாப்பாடு கட்" என்கிறார். மதியமும் அரை வயிறு. சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்து வரும்போது வயிறு காந்துகிறது. கை லேசாக நடுங்குகிறது, எரிச்சல், தலைவலி. பன்னிரண்டு வருஷமாக இந்த ஆறு மணி அவருக்கு எந்த நேரம்? கடைக்குப் போகிற நேரம். பசிக்கும் குடிவெறிக்கும் உடம்பு ஒரே மாதிரி மணி அடிக்கிறது. எது எது என்று அந்த நேரத்தில் அவருக்கே பிரித்துத் தெரியாது. மீண்டவர்களின் கூட்டங்களில் பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நாலு எதிரிகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். அதில் பசியை முதலில் வைத்திருப்பது சும்மா இல்லை.

எனவே பட்டினி டயட் இவருக்கு ஆகாது. வாரம் இரண்டு நாள் விரதம், பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது, 'ஒரே மாதத்தில் பத்து கிலோ' பவுடர் எல்லாம் மற்றவர்களுக்கு எப்படியோ, விட்டு ஒரு வருஷம் ஆகாதவருக்கு வேண்டவே வேண்டாம். பசியை அடக்கும் மாத்திரைகளில் சில மூளையைத் தூண்டிவிடுகிற ரகம். போதையிலிருந்து எழுந்தவர் டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தொடுவது பழைய வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

ஆறு மணிக்கு முன்னால், ஐந்தரைக்கே, வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். அல்லது ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை. பக்கத்து விருத்தாசலத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, வி.ஆர்.ஐ. என்று பெயர் வைத்து நிலக்கடலை ரகங்களை வெளியிட்ட இடம். அந்த மண்ணில் வாழ்ந்துகொண்டு பஜ்ஜிக்கு அலைவானேன்? கடலையில் புரதமும் இருக்கிறது, பி1 வைட்டமினும் இருக்கிறது. குடிகாரர் உடம்பில் முதலில் காலியாவது அந்த பி1தான்.

சரி, மற்ற வேளைகள்?

மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இதுவே பாதி வைத்தியம். காலையில் மூன்று இட்லி, நிறைய சாம்பார், ஒரு முட்டை. முட்டை ஆகாதென்றால் பயறு. மதியம் சோறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தட்டில் சோற்று மலையும் ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியலும் என்பதை மாற்றுங்கள். காய் அரைத் தட்டு, சோறு கால் தட்டு, மீன் அல்லது பருப்பு கால் தட்டு. வீராணம் ஏரி மீன் கிடைக்கும்போது குழம்பாக வையுங்கள், வறுக்காதீர்கள். பச்சரிசியை விடப் புழுங்கலரிசியில் பி1 கூடுதலாகத் தங்குகிறது. ராத்திரி எட்டு மணிக்குள் இரண்டு சப்பாத்தியோ, தோசையோ, கேழ்வரகுக் களியோ போதும். வெயில் நாளில் கம்பங்கூழும் மோரும் பாட்டில் கூல் டிரிங்க்கை விட ஆயிரம் மடங்கு மேல். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் கிடைத்தால் தசை திரும்பி வளரும். சிறுநீரகம், கல்லீரல் கெட்டவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

"லோடு ஏத்தறவனுக்கு எதுக்கு சார் எக்சர்சைஸ்?" என்று கேட்பார். நியாயம்தான். ஆனால் அரவைப் பருவம் முடிந்தால் மாதக்கணக்கில் வேலை இல்லையே? சாப்பாடு மட்டும் அதே அளவு! வேலை இல்லாத மாதங்களில் சாயங்காலம் அரை மணி நடை. சுண்டலைத் தின்றுவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினால் அந்தக் கெட்ட நேரமும் கடந்துவிடும். கடை இருக்கிற பக்கம் வேண்டாம், வாய்க்கால் கரைப் பக்கம் போகட்டும். வாரம் இரண்டு மூன்று நாள் பத்து தண்டால், பதினைந்து பஸ்கி. நம் தாத்தா செய்ததுதான். தசைக்கு அதைவிட மலிவான மருந்து இல்லை.

எல்லாத் தொப்பையும் கொழுப்பல்ல

இதை மனைவிமார்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் பானை மாதிரி பெருத்து, பாதத்தில் அழுத்தினால் குழி விழுகிறதா? கண் மஞ்சளா? அது தொப்பை இல்லை. மகோதரம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோப்பது, அதுவாக இருக்கலாம். எடை மெஷின் கொழுப்புக்கும் நீருக்கும் வித்தியாசம் சொல்லாது. வயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நடை, டயட் என்று நாள் கடத்தக் கூடாது.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போகிறது, மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கிறது, தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால், குடி கணையத்தைக் கெடுத்திருக்கலாம். அதில் வருகிற சர்க்கரை நோய்க்குச் சில சமயம் ஆரம்பத்திலேயே இன்சுலின் தேவைப்படும். 'பரவாயில்லை, இளைச்சிட்டேன்' என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

மாத்திரைகளும் ஒரு காரணம். தூக்கத்துக்கும் மனசுக்கும் கொடுக்கிற ஓலான்சபின், மிர்டசபின், வால்ப்ரோயேட் போன்றவை பசியைக் கூட்டி எடையை ஏற்றக்கூடியவை. தானாக நிறுத்தாதீர்கள்! எடைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள்.

எடை குறைக்கும் ஊசி பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2025ல் இந்தியச் சந்தைக்கு எடைக்கென்றே வந்தது செமாக்ளுடைட். அதே ஆண்டு அமெரிக்காவில் 48 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், இந்த மருந்து குடிக்கிற அளவையும் குடிவெறியையும் குறைத்தது. நல்ல செய்திதான். ஆனால் 48 பேர் என்பது ஒரு பஸ் கூட்டம்கூட இல்லை. கணைய அழற்சி வந்தவர்களுக்கு இது பொதுவாக ஏற்றதல்ல. குடியால் கணையம் பாதித்தவர்கள் நம்மிடையே அதிகம். விலையையும் பார்க்க வேண்டும். இப்போதைக்கு நான் அவசரப்பட மாட்டேன்.

மற்ற போதைகள்

பிரவுன் சுகர், வலி மாத்திரை ஆகியவற்றை விட்டவர்களுக்கும் இனிப்பு ஆசை மிக அதிகம். எடையும் அதே வழியில்தான் ஏறும். கொக்கேன் விஷயத்தில் 2013ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். கொக்கேன் பழக்கத்தில் இருந்த ஆண்கள் கொழுப்புணவை நிறையத் தின்றும் உடம்பில் கொழுப்பு குறைவாகவே இருந்தது. கொழுப்பைச் சேமிக்கும் வேலையையே அந்த மருந்து குலைத்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் நிறுத்திய பிறகும் அதே சாப்பாட்டுப் பழக்கம் தொடர்ந்தால் எடை எகிறத்தான் செய்யும். கஞ்சா மட்டும் கொஞ்சம் வேறு. நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் பசியே எடுக்காது, தூக்கமும் இருக்காது. பையன் இளைக்கிறானே என்று பதறாமல் கஞ்சி, மோர், பழம் என்று கொடுத்துக் கடத்திவிடலாம்.

வீட்டுக்காரர்களுக்கு

நம் ஊரில் குடியை நோய் என்று ஒப்புக்கொள்ளவே ரொம்ப காலம் ஆயிற்று. 1980ல் சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த துக்கத்திலிருந்து எழுந்து, அவர் பெயரிலேயே டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அது நடத்துகிற டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியோடு அவர் குடும்பத்தையும் உட்கார வைத்துச் சிகிச்சை கொடுத்தது. 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குடும்பத்துக்கும் பாடம் உண்டு என்ற அந்த எண்ணம் சாப்பாட்டு விஷயத்துக்கும் பொருந்தும்.

முதல் பாடம், விட்ட முதல் வாரத்துக்கு. தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, சித்தக் குழப்பம் வரலாம். டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். பல நாள் சாப்பிடாமல் கிடந்தவருக்கு எடுத்தவுடன் பிரியாணி விருந்து வைப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புச் சத்துகள் சட்டென்று சரிந்துவிடும். பி1 ஊசி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பாட்டைக் கூட்டுவார்கள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எடையைப் பற்றி யாரும் வாயே திறக்க வேண்டாம். மாதத்தில் ஒரு நாள் எடையும் இடுப்புச் சுற்றளவும் பார்த்துக் காலண்டரில் குறித்து வைத்தால் போதும். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எச்சரிக்கைக் கோடு. ரத்த சர்க்கரை, கொழுப்பு, பிரஷர், கல்லீரல் பரிசோதனை ஒரு தரம் செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் கழிந்ததும் டீ சர்க்கரை, தட்டின் அளவு, நடை என்று ஒவ்வொன்றாக ஆரம்பிக்கலாம். மாதம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ குறைந்தால் அதுவே அமோகம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. மனநலப் பிரிவில் கேட்கலாம். போனில் பேச வேண்டுமானால் போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு 14416. இரண்டும் இலவசம்.

"எம்புள்ள விட்டுட்டான், அந்த சந்தோஷத்துல தினம் ஒரு பாயசம் வெக்கிறேன், தப்பா?" என்று கேட்கிற அம்மாக்கள் உண்டு. தப்பில்லை அம்மா. தினமும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற ஆறு நாளும் ஐந்தரை மணிக்கு அந்தச் சுண்டல் கிண்ணத்தை அவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருங்கள்.